சிவந்த கண்ணுக்கு எந்த டிராப்ஸ்? மெடிக்கல் ஷாப் அலமாரி பற்றி ஒரு மதிப்பீடு

"தம்பி, கண்ணு செவந்து கெடக்கு, நல்ல டிராப்ஸா ஒண்ணு குடுப்பா." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் இது காதில் விழும். கடைக்காரர் கை பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த 5 மில்லி பாட்டில். போட்ட மறுநாளே சிவப்பு குறையும், உறுத்தல் அடங்கும். வாங்கியவர் அடுத்த தடவை காலி பாட்டிலையே கொண்டுவந்து காட்டி "இதே குடுங்க" என்பார். கண் மருந்து அலமாரியில் டாக்டர் பார்க்காமல் வாங்கவே கூடாத பாட்டில் எது என்று கேட்டால், அதுவும் இதுதான். அதனால்தான் அந்த அலமாரியை ஒவ்வொரு தட்டாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிப் பெயர்களை வைத்து இங்கே எதையும் எடை போடவில்லை. ஒரே மருந்து ஏகப்பட்ட பெயர்களில் வருகிறது, விலையும் பெயருக்குப் பெயர் மாறுகிறது. பார்க்க வேண்டியது லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும்தான்.

பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "ஆச்சி, அரிக்குதா, உறுத்துதா, வலிக்குதா?" என்பது. பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். கசக்கிக்கொண்டே இருக்கத் தோன்றும் அரிப்பு, இழுத்தால் நூல் மாதிரி வரும் வெள்ளைப் பீளை, இரண்டு கண்ணிலும் ஒன்றாக ஆரம்பிப்பது, இதெல்லாம் அலர்ஜி. மண் விழுந்தது போலக் கரகரத்து, தண்ணியாக ஊற்றி, முதலில் ஒரு கண், இரண்டு மூன்று நாளில் அடுத்த கண் என்று போனால் வைரஸ். நம் ஊரில் மெட்ராஸ் ஐ என்றும் கண்வலி என்றும் சொல்வது இதைத்தான். அப்போது காதுக்கு முன்னால் விரல் வைத்து அழுத்தினால் பலருக்குச் சின்னதாக நெறி கட்டியிருப்பது தெரியும், தொட்டால் வலிக்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை, துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சேர்ந்தால் பாக்டீரியா. காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்றிலும் அது உண்டு.

சிவப்பு எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் நல்ல சிவப்பு, கருவிழியை நெருங்க நெருங்கக் குறைகிறது என்றால் கோளாறு மேல் சவ்வில்தான் இருக்கிறது. அதற்கு மாறாகக் கருவிழியைச் சுற்றி வளையம் கட்டியது போலச் சிவந்து, உள்ளுக்குள் வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், பார்வையும் மங்கினால் கடைக்குப் போகவே வேண்டாம். கருவிழிப் புண்ணாக இருக்கலாம், கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். இது எதற்கும் அலமாரியில் மருந்து இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தாலும், பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குப் பீளை தள்ளினாலும் அதே நாளில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெள்ளை விழியில் ரத்தம் சிந்தியது போல அடர்த்தியான சிவப்புத் திட்டு, வலி இல்லை, பார்வையில் மாற்றம் இல்லை என்றால் அது சின்ன ரத்தக்குழாய் வெடித்தது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே கரையும். சொட்டு மருந்து எதுவும் வேண்டியதில்லை, ரத்த அழுத்தத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

அலமாரியில் தயங்காமல் வாங்கச் சொல்லும் பாட்டில் செயற்கைக் கண்ணீர். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5% என்று எழுதியிருக்கும், சுருக்கமாக சி.எம்.சி. என்பார்கள். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போய் ரோட்டுப் புழுதியிலும் வெயிலிலும் கண் காய்ந்தவர், கல்யாண வீட்டில் விறகடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரர், பழைய வீட்டைப் பிரித்துத் தேக்கு மரம் இழைக்கும் ஆசாரி, 50 வயதுக்கு மேல் கண் வறண்டு எரிகிறது என்னும் அம்மாமார், எல்லோருக்கும் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான். மெட்ராஸ் ஐயிலும் கரகரப்பைக் குறைக்க இதுவே போதும். 1% பாட்டில் கொஞ்சம் கெட்டி. போட்டதும் சில நிமிடம் பார்வை மங்கும் என்பதால் ராத்திரி படுக்கும் முன் போட ஏற்றது, பைக் ஓட்டும் முன் வேண்டாம். சோடியம் ஹயலுரோனேட் 0.1% அல்லது 0.18% என்று வருவது விலை கூடுதல். வறட்சி நாள்பட்டதாக இருந்தால் அந்தக் காசு வீண் இல்லை, நான்கு நாள் புழுதிக்கு அது அவசியமும் இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. பாட்டிலில் கிருமி வளராமல் இருக்கப் பென்சல்கோனியம் குளோரைடு என்ற ப்ரிசர்வேட்டிவ் கலப்பது வழக்கம். ஒரு நாளைக்கு நான்கு தடவை வரை போட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சிரமம் இல்லை. அதற்கு மேல் மாதக்கணக்கில் போட்டால் அந்த ப்ரிசர்வேட்டிவே கண்ணின் மேல்தோலை அரித்து, எதற்காக மருந்து போடுகிறோமோ அந்த எரிச்சலையே உண்டாக்கும். அடிக்கடி போட வேண்டியவர்கள் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத, ஒரு வேளைக்கு ஒன்று என்று கிள்ளிப் போடும் சின்னக் குப்பிகளைக் கேட்டு வாங்க வேண்டும். கிள்ளிய குப்பியை மூடி வைத்து நாளைக்குப் போடலாம் என்று வைக்கக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2022-23இல் அமெரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். அதோடு தொடர்புபடுத்தப்பட்டது ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல், ஆனால் பலநாள் திறந்து மூடும்படி வந்த செயற்கைக் கண்ணீர் பாட்டில். தயாரானது நம் தமிழ்நாட்டில். ஆகவே ப்ரிசர்வேட்டிவ் இல்லாத மருந்து வேண்டுமென்றால் ஒரு வேளைக் குப்பி, இல்லையென்றால் காற்றையும் கிருமியையும் உள்ளே விடாத வால்வு வைத்த பாட்டில். மூன்றாவது வகை வேண்டாம்.

பாட்டிலைத் திறப்பது பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, தப்பு நடப்பதோ பெரும்பாலும் அங்கேதான். நம் ஊர் சொட்டு மருந்துகள் பலவற்றில் வாங்கும்போது மூக்கில் ஓட்டை இருக்காது. மூடியின் உள்ளே ஒரு முள் இருக்கும். காப்பு வளையத்தை எடுத்துவிட்டு மூடியை வலப்பக்கமாக இறுக்கித் திருகினால் அந்த முள் இறங்கிச் சரியான அளவில் துளை போடும். இது தெரியாமல் ஊக்கைக் காய்ச்சிக் குத்துகிறார்கள், பிளேடால் நுனியைச் சீவுகிறார்கள். துளை பெரிதாகிவிட்டால் ஒரு சொட்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று சொட்டு ஒழுகும், மருந்து பாதி நாளில் தீரும், சீவிய விளிம்பில் அழுக்குத் தங்கும். பிசிறு நிற்கும் நுனி கண்ணில் பட்டால் கீறும். கண் பை தாங்குவது சுமார் 30 மைக்ரோலிட்டர்தான், ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகிறது.

போடும் முறையும் அப்படியே. கையை சோப்புப் போட்டுக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்துப் பிடித்தால் வரும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. நுனி இமையிலோ முடியிலோ படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரம் இருக்கும் கண்ணின் உள்முனையை விரலால் ஒன்று இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்காது. இரண்டு வகை மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி வேண்டும். ட்யூப் மருந்து கடைசியில். திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் ஆனால் மீதி இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிடந்த பாட்டிலையும் அப்படித்தான், லேபிளில் 30 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருப்பது அதற்காகத்தான். இன்னொன்று, காது மருந்து, நெயில் பாலிஷ், உடனே ஒட்டும் பசை எல்லாம் இதே அளவு பாட்டிலில் வருகின்றன. கண் மருந்தைத் தனி டப்பாவில் வையுங்கள்.

அடுத்த தட்டு ஆன்டிபயாட்டிக். மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5% இதில் நம்பகமானது. ஒரு சொட்டு, நாளைக்கு 3 தடவை, 7 நாள். பாக்டீரியாக் கண்வலியில் இரண்டு மூன்று நாளில் பீளை குறைவது கண்ணுக்கே தெரியும். சிப்ரோஃப்ளாக்சசின் 0.3% பழைய மருந்து, விலை குறைவு, லேசான தொற்றுக்கு இன்றும் வேலை செய்யும். கருவிழிப் புண்ணுக்கு அடிக்கடி போடும்போது சிலருக்கு மருந்தே வெள்ளையாகப் படிந்துவிடும், புண் பெரிதாகிறதோ என்று பயப்பட வைக்கும். அம்மாமார் விரும்பிக் கேட்கும், கண்ணில் பிதுக்கிப் போடும் குளோராம்பெனிகால் கேப்ஸ்யூலை டாக்டர்கள் இப்போது முன்போல எழுதுவதில்லை. எல்லாமே சிவப்புக் கோடு போட்ட மருந்து, சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் இந்தத் தட்டில் விற்பனை ஏறுவது மெட்ராஸ் ஐ காலத்தில்தான், வேலை செய்யாததும் அப்போதுதான். மெட்ராஸ் ஐக்குக் காரணம் பெரும்பாலும் அடினோ வைரஸ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் கிளம்பும், 2022 கடைசியில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். முதல் மூன்று நான்கு நாள் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஏறத்தான் செய்யும், பிறகு இறங்கி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். "அந்த டிராப்ஸ் கேக்கல, வேற குடுங்க" என்று மூன்றாம் நாள் வந்து நிற்பவருக்கு மருந்து மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. ஐந்தாம் நாள் தானாக இறங்கும்போது பெயர் இரண்டாவது பாட்டிலுக்குப் போய்விடும்.

மெட்ராஸ் ஐக்கு நல்ல பலன் தருபவை சோப்பு, சி.எம்.சி., ஃபிரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துணி ஆகிய மூன்றும்தான். குளிர்ந்த துணி ஒத்தடம் 5 முதல் 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை, கண்ணுக்கு ஒரு துணி. பீளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைத்து அந்தப் பஞ்சைப் போட்டுவிட வேண்டும். நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. கை, துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி, செல்போன் வழியாகத்தான் அது பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு உதவும், பரவலைத் தடுக்காது. சானிட்டைசரை விடச் சோப்பும் தண்ணீரும் நல்லது. அடினோ வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது, காய்ந்த பரப்பிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் வளவு (உள்முற்றம்) முழுக்க உறவுக்காரர்கள் படுத்து எழுந்து, முகம் கழுவிய இடத்தில் ஒரே துண்டு தொங்கும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருக்குத் தனித் துண்டு, தினமும் மாற்றிய தலையணை உறை, தனி பாட்டில். வீடு முழுக்க ஒரே பாட்டிலைச் சுற்றுவது நோயைச் சுற்றுவதுதான். சிவப்பும் தண்ணீரும் இருக்கும்வரை பள்ளிக்கூடம், விடுதி மெஸ், கோயில் கூட்டம் எல்லாவற்றையும் தவிர்ப்பது நல்லது.

இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு போன பிறகும் பார்வை மங்கலாகவே இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ கருவிழியில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் விழுந்திருக்கலாம். அதைக் கண் டாக்டரிடம் இருக்கும் ஸ்லிட் லேம்ப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியில்தான் பார்க்க முடியும். இமைக்குள் வெள்ளை ஆடை போலப் படிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் பிய்க்கக் கூடாது.

அரிப்புக்கு ஓலோபடடின் நல்ல மருந்து, நம்பி மதிப்பெண் கொடுக்கலாம். 0.1% என்றால் நாளைக்கு இரண்டு தடவை, 0.2% என்றால் ஒரே தடவை. 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தரலாம். போட்ட சில நிமிடத்தில் அரிப்பு குறையும். சிலருக்கு லேசாக எரியும், ஃபிரிட்ஜ் கதவில் வைத்துப் போட்டால் அது தெரியாது. இதன் குறை மருந்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது: தூசி இருக்கும்வரை தொடர்ந்து போட வேண்டும். அரிக்கும்போது மட்டும் போட்டு, அடங்கியதும் நிறுத்தினால் பாதிப் பலன்தான். ஒரு தடவையாவது டாக்டர் பார்த்து அலர்ஜிதான் என்று சொன்ன பிறகு வாங்குங்கள்.

ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பையன்களுக்கு வெயில் காலத்தில் வருகிற கடும் அலர்ஜி தனி ரகம். மேலிமையைத் திருப்பினால் உள்ளே கூழாங்கல் பரப்பியது போல மேடு மேடாக இருக்கும். வருடா வருடம் பங்குனி சித்திரையில் திரும்பும். கண்ணைக் கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பாகிப்போன பிள்ளைகள் உண்டு. இந்தப் பிள்ளைகளைத்தான் அலமாரியின் அடுத்த தட்டு அதிகமாகக் கெடுக்கிறது.

அதற்கு முன் இரண்டு வகையை ஒரே வரியில் தள்ளிவிடலாம். சிவப்பை வெளுக்க வைக்கும் நாஃபாசோலின் கலந்த டிராப்ஸ் ரத்தக்குழாயைச் சில மணி நேரம் சுருக்கும், தொடர்ந்து போட்டால் முன்னைவிடச் சிவக்கும், வாங்க வேண்டாம். கற்பூரம், தேன், பன்னீர் என்று எரிய எரியப் போடும் மூலிகை டிராப்ஸ், அழற்சி கண்ட கண்ணுக்கு இன்னொரு புண், அதுவும் வேண்டாம்.

இனி ஸ்டீராய்டு கலவை. மருந்து கெட்டது இல்லை. கண் டாக்டர் கையில் இது பார்வையைக் காப்பாற்றும். சீட்டில்லாமல் கவுன்ட்டரில் கைமாறும்போதுதான் விபரீதம். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், டைஃப்ளூப்ரெட்னேட் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மேல் பெயரை வைத்தும் ஓரளவு பிடிக்கலாம். ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பின்னால் டி, டிஎக்ஸ், பி, எல்பி என்று ஒட்டியிருந்தால் உஷாராகுங்கள். கேடி என்று இருந்தால் அது கெட்டோரோலாக், ஸ்டீராய்டு இல்லை. பாட்டிலும் அட்டையும் வெறும் ஆன்டிபயாட்டிக்கைப் போலவே இருக்கும், வித்தியாசம் அந்த ஓரெழுத்தில்தான். சீட்டில் வெறும் மாக்ஸிஃப்ளாக்சசின் எழுதியிருக்க, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று டி பாட்டில் கொடுத்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஸ்டீராய்டு கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு காட்டும் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குகிறது. ஆகவே கண் வெளுத்துவிட்டது என்பதற்கும் நோய் போய்விட்டது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஹெர்ப்பிஸ் வைரஸ் கருவிழியில் கிளை கிளையாகப் புண் போடும். மேலே பார்க்கச் சாதாரணச் சிவந்த கண்தான், ஃப்ளோரசின் சாயத்தாள் வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் பச்சையாக மின்னும். அதில் ஸ்டீராய்டு பட்டால் கிளைப் புண் அகன்று படரும். இரண்டாவது, வாரக்கணக்கில் போட்டால் மூன்றில் ஒருவருக்காவது கண் அழுத்தம் ஓரளவு ஏறும், சிலருக்கு நன்றாகவே ஏறும். வலி இருக்காது. ஓரப் பார்வை போன பிறகுதான் தெரியும், போனது திரும்பாது. கண்புரையும் சீக்கிரம் வரும். மேலே சொன்ன அலர்ஜிப் பையன்களுக்கு வருடக்கணக்கில் அதே பாட்டிலை வாங்கிப் போடும் வீடுகளில் பதினைந்து வயதிலேயே புரையும் அழுத்தமும் வருவது இப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்கு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் என்று நாள்பட்டுப் போட மாற்று மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது நம் பகுதிக்கென்றே உள்ளது: பூஞ்சை. வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், தை மாசியில் அறுப்பு. கதிர் அடிக்கும்போது உமி தெறிக்கும். மற்ற மாதங்களில் சீமைக்கருவேலம் வெட்டும்போது கிளை சுண்டி அடிக்கும். செடிகொடியால் கருவிழியில் விழும் சின்னக் கீறல்தான் ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சைகளுக்கு வாசல். மதுரையில் 1990களில் கருவிழிப் புண்களிலிருந்து கிருமி வளர்த்துப் பார்த்த ஆய்வில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருந்தன. குளிர் நாடுகளில் அப்படி இல்லை. அதனால் "ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்ப்போம்" என்பதே இங்கே பாதி பேருக்குப் பொருந்தாது, அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. முதல் இரண்டு நாள் சுகமாகத் தெரியும், அதற்குள் கருவிழிக்குள் வேர்விட்டிருக்கும். உமி, முள், வைக்கோல், மாட்டு வால் பட்ட கண்ணில் மறுநாளும் உறுத்தல் இருந்தால், கருவிழியில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தாலும் கூட, வேறு எதுவும் போடாமல் நேராகக் கண் ஆஸ்பத்திரி. முந்தானையால் எடுப்பது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், இவை ஒவ்வொன்றும் திறந்த கீறலில் புதுக் கிருமியை விடும் வழி.

பூஞ்சைக்கு உரிய மருந்து நாட்டமைசின் 5%. மற்ற பாட்டில்கள் எவ்வளவு எளிதோ அவ்வளவு கடினம் இது. கரையாத மருந்து, பால் போல வெளுத்து அடியில் தங்கும், ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்காவிட்டால் மேலே இருக்கும் தண்ணீரைத்தான் போடுகிறோம். ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் அலாரம் வைத்துப் போட வேண்டும். வாரக்கணக்கில் நீளும். இமையிலும் புண் மேலும் வெள்ளையாக ஒட்டும், அது சீழ் இல்லை. ஆனாலும் இதற்கு ஈடு இன்னும் வரவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலை விட நாட்டமைசினே நன்றாக வேலை செய்தது. ஃப்யூசேரியத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவு. எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. சீட்டு எழுதிய ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே தேவையான பாட்டில்களைச் சேர்த்து வாங்கி வருவது நல்லது.

அலமாரியில் எதையும் தேடக் கூடாத ஒரு நேரமும் உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் சிமெண்ட் கலவை தெறித்தாலோ, சுண்ணாம்புப் பூச்சு வேலையில் சுண்ணாம்பு விழுந்தாலோ, குழந்தை வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி அது பீய்ச்சியடித்தாலோ, தேவை தண்ணீர் மட்டும்தான், அந்த நிமிடமே. காரம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும், அமிலத்தை விட மோசம். குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் கழுவுங்கள். மேலிமையைத் திருப்பி, ஒட்டிய துகளை நனைத்த பஞ்சால் எடுங்கள். எலுமிச்சம் சாறு விட்டு முறிக்கிறேன் என்று யாரையும் விடாதீர்கள். கழுவிய பிறகுதான் ஆட்டோ. பட்டறைகளில் ஒரு ஜோடி பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாயும் இருந்தால் போதும்.

கடைகளை எப்படி எடை போடுவது? கேள்வி கேட்கும் கடை நல்ல கடை. "எத்தனை நாளா, ஒரு கண்ணா ரெண்டா, முள்ளு கிள்ளு பட்டுச்சா, சுகர் இருக்கா" என்று கேட்டு, ஸ்டீராய்டு கலவையைச் சீட்டில்லாமல் தர மறுத்து, காலாவதித் தேதியைக் காட்டி, பில் போட்டுத் தரும் கடையை விட்டுவிடாதீர்கள், ஐந்து ரூபாய் தள்ளுபடிக்காக மாற்றாதீர்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் எழுதியிருந்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கலாம்.

காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியோ, சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, பஸ் ஏறி மதுரையோ, எங்கே போனாலும் அதுவரை போட்ட எல்லா பாட்டில்களையும் ஒரு கவரில் கொண்டுபோங்கள். லேபிள் கிழிந்தது, காலியானது எல்லாம் சேர்த்து. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, நாளைக்கு எத்தனை தடவை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம். ஸ்டீராய்டு வாரக்கணக்கில் போட்டிருந்தால் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், சில அழற்சிகள் அப்போது இரட்டிப்பாகத் திரும்பும். கண் அழுத்தம் பார்த்து, படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.